சத்தமில்லாத மோட்டார்

அக்கா வீட்டுத் தையல் மெஷினுக்கு அடியில் ஒரு மோட்டாரின் உள்பாகம், ஆர்மேச்சர், கிடக்கிறது. பெருக்கும்போது நகர்த்திவிட்டு மறுபடி அதே இடத்தில் வைத்துவிடுவாள். செப்புக் கம்பி வரிசை பிசகாமல் சுற்றப்பட்டு, ஒரு பக்கம் மட்டும் கருகியிருக்கும். சுற்றியவர் அக்காளின் கணவர், எங்கள் மாமா. எண்பதுகளில் பொம்மிடி ஸ்டேஷன் பக்கம் ரீவைண்டிங் கடை வைத்திருந்தார். கோடை வந்தால் லோ வோல்டேஜில் கருகிய பம்புசெட் மோட்டார்கள் கடைவாசலில் குவியும். அவர் புதுக் கம்பி சுற்றிக் கொடுத்த மோட்டார் சத்தமே போடாது, ஓடுகிறதா என்று தொட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்பார்கள். அந்தப் பெயர்தான் எங்களைக் கெடுத்தது.

அக்காளுக்குச் சின்ன வயதிலேயே போலியோவில் இரண்டு கால்களும் போய்விட்டன. கையால் சுற்றும் மூன்று சக்கர வண்டியில்தான் போவாள். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் கன்னியாஸ்திரீகள் நடத்திய தையல் பள்ளியில் அவளுக்கு டீச்சர் வேலை கிடைத்தது. கேட் மேட்டில் மட்டும் நான் பின்னால் இருந்து தள்ள வேண்டும். எனக்குக் கல்யாணம் நிச்சயமானதும், நான் போய்விட்டால் வண்டியை யார் தள்ளுவது என்று அக்காளின் முகம் வாடிவிட்டது. மாமா பழைய கார் டைனமோ ஒன்றைக் கொண்டுவந்தார்; பேட்டரியில் இணைத்தால் அதுவே மோட்டாராகச் சுற்றும். கைச்சங்கிலியைக் கழற்றி எறிந்துவிட்டு, முன்சக்கரத்தை அதன் அச்சிலேயே நேராகப் பூட்டினார். லாரி பேட்டரியைச் சீட்டுக்கடியில் வைத்தார்.

சமதரையில் வண்டி சத்தமே இல்லாமல் போனது. தெருவே மாமாவை மெச்சியது. மேட்டில் பாதி ஏறியதும் நின்று புகைந்தது. கம்பியைப் பிரித்து, மெல்லிசுக் கம்பியில் அதிகச் சுற்று சுற்றினார். மெதுவாகப் போய், அதே இடத்தில் கருகியது. தடித்த கம்பியில் சுற்றைக் குறைத்தார். தரையில் பறந்தது, மேட்டில் பேட்டரியைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டது. அக்கா வேலைக்கு லீவு சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஒருநாள் கைமெஷினைச் சுற்றித் தைத்துக்கொண்டே சொன்னாள்: "கையால சுத்தற பல்லு சக்கரம் பெரிசு, அது ஓட்டற சக்கரம் சின்னது. அதத் தலகீழா வண்டிக்குப் போடுங்களேன். மோட்டார் வேகமா சுத்தட்டும், சக்கரம் மெதுவா சுத்தட்டும்."

"கியர் போட்டா கடகடன்னு சத்தம் வரும் புள்ள. ஊரே திரும்பிப் பாக்கும்."

"பாக்கட்டுமே. என் காலைப் பாக்கறதுக்குப் பதிலா, சத்தம் போடற வண்டியப் பாத்துட்டுப் போகட்டும்."

மாமா கேட்கவில்லை. அவளை யாரும் வேடிக்கை பார்க்கக் கூடாது என்பதில் அவருக்கு அப்படி ஒரு பிடிவாதம். ஆர்மேச்சரின் பள்ளங்களுக்குள் கொள்ளும் செப்புக் கம்பி அவ்வளவுதான், எப்படிச் சுற்றினாலும் மேட்டின் பாரம் சூடாகத்தான் இறங்கும், கியர்தான் அதைக் குறைக்கும் என்பதெல்லாம் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் புரிந்தது. மாமாவுக்கு அப்போதே தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அன்பில் இப்படியும் ஒரு முட்டாள்தனம் உண்டு. இன்று நினைத்தாலும் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

தையல் பள்ளியில் இருந்து ஆள் வந்து, வேறு டீச்சர் வைத்துவிட்டதாகத் தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரமே மாமா லேத் பட்டறையில் பல்சக்கரம் செய்து வாங்கிப் பூட்டினார். கடகடவென்ற சத்தத்தோடு வண்டி மேட்டில் ஏறியது. நான் பின்னால் சும்மா நடந்துபோனேன். அக்கா கேட்டருகே நிறுத்தி, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டாள். மாமா கடைவாசலிலேயே நின்றிருந்தார்.

போன மாதம் நான் அக்கா வீட்டில் இருந்தபோது, காலேஜில் படிக்கும் என் பேரன் புது எலக்ட்ரிக் சைக்கிளில் அங்கே வந்தான். வாசலுக்கு வரும்வரை சத்தமே இல்லை. அக்கா சக்கரத்தின் நடுவில் இருந்த குண்டு மோட்டாரைத் தடவிப் பார்த்தாள்.

"இதுக்குள்ள கியர் இருக்குதா சாமி?"

"இருக்குங்க ஆயா. பல்லெல்லாம் பிளாஸ்டிக்கு, அதான் சத்தம் வராது."

அக்கா கையை எடுக்கவில்லை. உள்ளறையில் மாமா மதியத் தூக்கத்தில் இருந்தார். வயதாகிவிட்டது, ஆனால் காது இன்னும் கூர்மை. அக்கா தையல் மெஷினுக்கு அடியில் கிடந்த ஆர்மேச்சரை ஒருமுறை பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள்.

"உங்க மாமா எழுந்திரிக்கறதுக்குள்ள வண்டிய எடுத்துட்டுப் போகச் சொல்லு."