காய்ந்த தாள்

தமீம் அன்சாரி குழாய் மாட்டினால் ஒரு சொட்டு ஒழுகாது. கொடைக்கானலில் பதினோரு வருடமாக இதைச் சொல்லித்தான் அவரை வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். வேலை முடிந்ததும் இணைப்பில் செய்தித்தாளைச் சுற்றி வைப்பார். பத்து நிமிடம் கழித்துத் தாள் காய்ந்தே இருந்தால்தான் பையைக் கட்டுவார்.

நேற்று சக்திவேலின் விருந்தினர் விடுதியில் சிங்க்கின் கீழே பழைய கழிவுநீர்ப் பைப்பைக் கழற்றிப் புதிது மாட்டினார். தாள் காய்ந்துதான் இருந்தது. இன்று வெள்ளனே சக்திவேலிடமிருந்து போன் வந்துவிட்டது. "பாய், வெரசா வாங்க. டிஷ்வாஷருக்குள்ள தண்ணி அப்படியே கெடக்கு."

போனபோது சக்திவேல் கொதித்துக்கொண்டிருந்தார். சமையல்காரி முருகேஸ்வரி சுவரோடு ஒட்டி நின்றாள். தட்டு கழுவும் மெஷினின் உள்ளே அடியில் எண்ணெய் மிதக்கும் கலங்கல் நீர்.

"எச்சித் தட்ட வழிக்காம உள்ள வைக்கிறது. பூண்டுத் தோலாப் போயி அடைச்சிருக்கும்."

"நான் வழிச்சுத்தான் சார் வைக்கிறேன்."

"போன மாசமும் இதத்தான் சொன்ன. பாய் தோல எடுத்துக் காட்டட்டும், மூட்டையக் கட்டிரு. மத்தியானம் கெஸ்ட் வர்றாங்க."

விடுதியின் பின்னறையில்தான் அவளும் மகளும் குடியிருந்தார்கள். வேலை போனால் கூரையும் போகும். இப்போது அது அன்சாரியின் கையில் இருந்தது.

நீருக்குள் கைவிட்டுச் சல்லடையைக் கழற்றினார். சுத்தமாக இருந்தது. திருப்பி மாட்டிவிட்டு, சிங்க்கின் கீழே குனிந்து மெஷினின் கழிவுநீர் ஹோஸைப் பைப்பிலிருந்து உருவி வாளிக்குள் போட்டார்.

"பட்டன அமுக்குங்கக்கா."

தண்ணீர் பீய்ச்சி அடித்தது. மெஷினில் குறையில்லை. ஹோஸிலும் இல்லை. அப்படியானால்?

புதுப் பைப்பில் ஹோஸ் மாட்டும் முனைக்குள் சுண்டுவிரலை விட்டார். விரல் முட்டி நின்றது. உள்ளே கம்பெனியிலிருந்தே வரும் மெல்லிய பிளாஸ்டிக் மூடி. வெட்டி எடுத்த பிறகுதான் ஹோஸை மாட்ட வேண்டும். நேற்று வெட்டாமலே மாட்டியிருந்தார். தண்ணீரே போகாத இணைப்பில் தாள் எப்படி நனையும்?

சக்திவேல் முன்பக்கம் போயிருந்தார்; முருகேஸ்வரி வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போயிருந்தாள். கத்தியால் ஒரு சுற்று. மூடி உள்ளங்கையில் விழுந்தது. பாக்கெட்டில் போட்டால் யாருக்கும் தெரியாது. முழங்கைக்குப் பக்கத்துக் குப்பைக் கூடையில் பூண்டுத் தோலும் கிடந்தது. அடுத்த வாரம் ஆறு அறைகளுக்குப் பைப் மாற்றும் வேலையைச் சக்திவேல் அவருக்குத்தான் சொல்லியிருந்தார்.

"என்ன பாய், தோல்தான?" சக்திவேல் வாசலில் நின்றார்.

அன்சாரி மூடியை நீட்டினார். "இதான் சார். வெட்டாம மாட்டிட்டேன். என் தப்பு. அக்கா மேல ஒண்ணும் இல்ல."

"ஒரு சொட்டு ஒழுகாதுன்னீங்களே?"

"ஒழுகலையே சார். போகவும் இல்ல."

சக்திவேல் சிரிக்கவில்லை. "ஆறு ரூமுக்கு நான் வேற ஆளப் பாத்துக்கிறேன்." காலி வாளியோடு உள்ளே வந்த முருகேஸ்வரியிடம் திரும்பினார். "தட்ட அடுக்கு. நேரமாச்சு."

அவர் போனதும் முருகேஸ்வரி பழைய செய்தித்தாள் ஒன்றை எடுத்து நீட்டினாள். "தாளு சுத்தலையா பாய்?"

"இருங்கக்கா." அன்சாரி ஹோஸை மாட்டிவிட்டுக் காதைப் பைப்பில் வைத்தார். "மொதல்ல மெஷின ஓட்டுங்க. தண்ணி போற சத்தம் கேக்கட்டும்."