கிணற்று வீடும் சேற்று வீடும்

கருவாட்டுக் கூடையோடு சந்தைக்கு வந்து திரும்புகிறவளுக்குப் பட்டணத்தின் தெருக்கள் தெரியும், வீடுகள் தெரியாது. எந்தத் தெருவில் யார் குடியிருக்கலாம், யாரைக் கண்டால் கதவைச் சாத்துவார்கள் என்பதெல்லாம் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால்தான் தெரிகிறது. பழவேற்காட்டில் எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

அந்த வருஷம் முகத்துவாரத்தை மணல் மூடிக்கொண்டது. ஏரித் தண்ணீர் உப்பேறி, வலையில் இறால் விழவில்லை. என் வீட்டுக்காரரும் கொழுந்தனும் உலாந்தாக்காரர் என்கிற டச்சு வெள்ளைக்காரர் கப்பலிலிருந்து சரக்கு இறக்குகிற படகுகளில் துடுப்புப் போடப் போனார்கள். விடிவதற்குள் துறையில் நிற்க வேண்டும். சுண்ணாம்புக்குளத்துப் பக்கம் இருந்த எங்கள் குப்பத்திலிருந்து தினமும் வந்துபோக முடியாது. இரண்டு குடும்பமும் பட்டணத்துக்கே போய்விடுவது என்று ஆயிற்று. நான் மூத்த மருமகள். கொழுந்தன் பெண்சாதி, என் ஓர்ப்படி, எனக்கு வெகு காலம் கழித்து வந்தவள். இருவருக்கும் அப்போது குழந்தை இல்லை. அவளுக்கு இல்லாததை யாரும் கேட்கவில்லை. எனக்கு இல்லாததைக் கேட்டுக்கேட்டு ஊருக்கே அலுத்துப் போயிருந்தது.

உலாந்தாக்காரர் கோட்டையை ஒட்டிய தெருக்களை ஏறிட்டுப் பார்க்க எங்களுக்கு வக்கில்லை. நெசவுக்காரர் தெரு எனக்குப் பிடித்திருந்தது. நேராக, நீளமாக, இரண்டு பக்கமும் மரம். ஆனால் காலையில் தெரு நெடுகப் பாவு நூலை விரித்துக் கஞ்சி போடுவார்களாம், மீன் கூடைக்காரி நடந்தால் நூலில் நாற்றம் ஒட்டிக்கொள்ளுமாம். உங்கள் கஞ்சி புளித்த நாற்றம் எங்கள் மீனில் ஒட்டாதா என்று கேட்டேன். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். வெடிமருந்து அரைக்கிற இடத்துப் பக்கம் வீடுகள் கேட்பாரற்றுக் கிடந்தன. அங்கே அடுப்புப் பற்ற வைப்பதற்கே ஆயிரம் கட்டுப்பாடு. கஞ்சி காய்ச்ச முடியாத வீடு சும்மா கொடுத்தாலும் எதற்கு?

கடைசியில் ஒரு லெப்பையிடம் இரண்டு ஓலை வீடுகள் இருந்தன. ஒன்று மேட்டில், வாசலிலேயே நல்ல தண்ணீர்க் கிணறு. அந்தப் பக்கம் முழுக்க உப்புத் தண்ணீர்தான், அந்த ஒரு கிணறு மட்டும் இளநீர் மாதிரி இனித்தது. இன்னொன்று ஏரி ஓரத்தில், தண்ணீர் வற்றினால் சேறும் ஏறினால் நுரையும் வாசலுக்கு வரும். சேற்று வீட்டின் வாடகை எங்களுக்குக் கட்டும். கிணற்று வீட்டின் வாடகை தனியாக யாருக்கும் கட்டாது.

எங்கள் ஏரியில் வலை போடுகிற இடத்தைப் பாடு என்போம். நல்ல பாடு ஒருவனுக்கே சொந்தமில்லை. சீட்டுப் போட்டு, முறை வைத்து, மாறி மாறி இறங்குவார்கள். இன்றைக்குச் சேற்றில் நின்றவன் நாளைக்கு நல்ல ஓட்டத்தில் நிற்பான். வீட்டுக்கும் அதையே வைத்துக்கொள்வோம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். இரண்டு வாடகையையும் சேர்த்து ஆளுக்குப் பாதி. தைக்குத் தை வீடு மாற்றிக்கொள்வது. லெப்பை தாடியைத் தடவிக்கொண்டு சிரித்தார். "வூட்ட இன்னா வலைனு நெனச்சிக்கினீங்களா?" என்றார். பட்டணத்தில் பிறந்தவனுக்கு இந்த யோசனை தோன்றாது என்று நாங்களும் பெருமையாகச் சிரித்தோம்.

இரண்டு ஓலைத் துண்டு, ஒன்றில் முடிச்சு, ஒரு சட்டி. மூத்தவள் என்று முதலில் என்னை எடுக்கச் சொன்னார்கள். முடிச்சில்லாத துண்டு வந்தது. சேற்று வீடு.

ஒரு வருஷம்தானே என்றுதான் நினைத்தேன். ஆனால் தினமும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் வாசலில் போய் நிற்க வேண்டியிருந்தது. அவள் முகம் கோணாமல் கயிற்றை என் கையில் கொடுப்பாள், உள்ளே போய் மோர் கொண்டுவருவாள். அவள் ஒரு வார்த்தை கடிந்து சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். நல்லவள்மேல் பொறாமைப்படுவது போன்ற தொல்லை வேறில்லை, திட்டக்கூட வழியில்லை. என் வீட்டுக்காரர், இக்கரைக்கு அக்கரை பச்சை என்றார். அக்கரை பச்சையாகத்தான் இருந்தது. அவள் வாசலில் முருங்கை வைத்து அது பூத்தும்விட்டது. என் வாசலில் கோரைகூட முளைக்கவில்லை.

பிறகு அவள் முழுகாமல் இருந்தாள்.

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. அல்லது விளங்கியதாக நினைத்தேன். ஏரி முழுக்க உப்பாக இருந்தால் இறால் இல்லை. மழை பெய்து ஆற்றுத் தண்ணீர் வந்து கலந்தால் சேலையால் வாரலாம், அத்தனை குஞ்சு. நல்ல தண்ணீர் இருக்கும் இடத்தில்தான் எதுவும் பெருகும். இது எங்கள் குப்பத்தில் நடக்கப் பழகிய பிள்ளைக்கும் தெரியும். கல்யாணமான நாள் முதல் நான் குடித்ததெல்லாம் உவர்த் தண்ணீர். இங்கே வந்தும், தூரம் பார்த்து, ஒரு குடம் நல்ல தண்ணீரை வைத்துக்கொண்டு நாளைத் தள்ளினேன். அவளோ அந்த நல்ல தண்ணீரிலேயே குளிக்கிறாள், அதிலேயே கிடக்கிறாள். வீடுதான் காரணம். அந்த வீடு எனக்கு வேண்டும்.

தை வந்தபோது அவளுக்கு மாதம் நிறைந்திருந்தது. மாற்றலாம் என்று அவளே பாயைச் சுருட்டினாள். ஆண்கள் இருவரும் வேண்டாம் என்றார்கள், நிறைமாதக்காரியைச் சேற்றுக்கு அனுப்பினால் நாளைக்கு யார் பதில் சொல்வது என்றார்கள். நானும் தலையை ஆட்டினேன். ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்து ஒரு நல்ல சட்டியைப் போட்டு உடைத்தேன். என் முறை அது. என் தண்ணீர்.

அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பெயர் வைக்கிற அன்றைக்கு நான்தான் எல்லோருக்கும் பரிமாறினேன். பெரியம்மா கையில் கொடு என்று யாரோ குழந்தையை என் மடியில் வைத்தார்கள். கனமே இல்லாத பிள்ளை. அதை இறக்கிவிட எனக்கு மனமில்லை. வாங்கிக்கொள்ள அவள் கையை நீட்டியபோது அவளைப் பிடித்துத் தள்ள வேண்டும் போல இருந்தது.

அடுத்த தையில் வீடு மாற்றினோம். நான் முதல் நாளே சாமான்களை மூட்டை கட்டி வாசலில் வைத்திருந்தேன். அவள் வீட்டைப் பெருக்கி, மெழுகி, அடுப்புக்குக் கோலம்கூடப் போட்டு வைத்திருந்தாள். உத்திரத்தில் தூளி கட்டிய கயிறு மட்டும் அப்படியே தொங்கியது. மறந்துவிட்டாள் என்று அவிழ்க்கக் கையைத் தூக்கினேன்.

"அவுக்காதக்கா. இருக்கட்டும்" என்றாள்.

சும்மா சொன்னாளா, வேண்டிக்கொண்டு சொன்னாளா என்று எனக்குத் தெரியாது. கேட்கவில்லை. எனக்கு அது பிச்சை போட்ட மாதிரி இருந்தது. ஆனால் கயிற்றை அவிழ்க்கவும் இல்லை.

அந்த வருஷம் நான் தண்ணீர் குடித்ததுபோல் யாரும் குடித்திருக்க மாட்டார்கள். தலைக்கு ஊற்றிக்கொண்டேன், கூழ் கரைத்தேன், முருங்கைக்கும் ஊற்றினேன். கோவிலுக்குப் போகிறவள் கணக்காகக் காலையில் கிணற்றைச் சுற்றிப் பெருக்குவேன். ஒருநாள் என் வீட்டுக்காரர் ஈர வேட்டியைத் தூளிக் கயிற்றில் காயப் போட்டிருந்தார். நான் போட்ட சத்தத்தில் அடுத்த தெரு நெசவுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அதன்பிறகு அவர் அந்தக் கயிற்றைத் தொடவில்லை, நிமிர்ந்து பார்க்கவும் இல்லை.

இப்போது அவள் குடத்தோடு என் வாசலுக்கு வந்தாள். கயிற்றை அவள் கையில் கொடுத்தேன். மோர் கொடுக்கவில்லை. ஆடி கழிந்து ஒருநாள், குடத்தைத் தூக்கி இடுப்பில் வைக்கும்போது அவள் கொஞ்சம் நின்று மூச்சு வாங்கினாள். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. எத்தனை பெண்களை அப்படிப் பார்த்திருக்கிறேன்! அந்தச் சேற்றில், அந்த நாற்றத்தில், ஒரு குடம் தண்ணீரில். குடத்தை நானே அவள் வீடு வரைக்கும் தூக்கிக்கொண்டு போனேன். பிரியத்தால் இல்லை. அந்த வீட்டில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்கப் போனேன்.

தைக்கு முன்பே பெண் குழந்தை பிறந்தது. தை பிறந்ததும் அவள் கைக்குழந்தையோடு என் வாசலில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, நீ இங்கியே இருந்துக்க. எனக்கு அங்க பழகிப்போச்சி. வாடக பாதி பாதியே இருக்கட்டும்" என்றாள்.

கைக்குழந்தைக்காரி, நல்ல தண்ணீரை விட்டுக்கொடுத்து, அதற்குப் பாதி வாடகையும் தருகிறேன் என்கிறாள். வேறு ஒருத்தியாக இருந்தால் அவள் காலில் விழுந்திருப்பாள். எனக்கு ஒன்றுதான் தோன்றியது. இவள் கண்டுபிடித்துவிட்டாள், எது பெருகுகிற வீடு என்று. அதைத் தனக்கே வைத்துக்கொள்ளப் பார்க்கிறாள்.

"பாடுன்னா பாடுதான். எம் மொறைய நான் விட மாட்டேன்" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். எல்லாம் புரிந்துகொண்ட பார்வை. எழுந்து போய்ச் சாமான்களைக் கட்டினாள்.

சேற்று வீட்டுக்குத் திரும்பிப் போனேன். அங்கேயும் மெழுகி வைத்திருந்தாள், அங்கேயும் உத்திரத்தில் தூளிக் கயிறு தொங்கியது. இந்த முறை அவிழ்க்கக் கையைத் தூக்கவில்லை. ஒரு மழைக்காலம் போயிற்று. முகத்துவாரம் திறந்து, ஆற்றுத் தண்ணீர் வந்து, ஏரியில் இறால் கூடை கூடையாக விழுந்தது. குப்பத்துப் படகுகள் எங்கள் வாசல் வரைக்கும் வந்து நின்றன. அடுத்த தை வந்தபோது மூட்டை கட்ட வேண்டாம் என்று நானே அவளிடம் சொல்லிவிட்டேன்.

வீட்டில் பூனைத் தொல்லை அதிகமாக இருந்தது. ஒருநாள் கருவாட்டுச் சட்டியை எடுத்து, வாயைத் துணியால் கட்டி, அந்தத் தூளிக் கயிற்றில் மாட்டினேன். வேலையிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் வெகு நாளைக்குப் பிறகு நிமிர்ந்து உத்திரத்தைப் பார்த்தார். பூனைக்கு எட்டாது என்றேன். ஆமாம், எட்டாது என்றார்.