வெடிச்சத்தம் இல்லாத விளையாட்டு

புதுக்குடியிருப்பில் கேம் கடை நடத்தும் றுமைஸுக்கு முப்பத்தைந்து வயது. பெண் பார்க்கப் போகும் இடங்களில் அவனுடைய உம்மா ‘கொம்பியூட்டர் வேலை’ என்று சொல்லிச் சமாளிக்கிறார். ஆனால் புதிதாக வருகிறவர்களுக்கு விளையாட்டைப் பழக்குவதில் அவனை அடிக்க ஆளில்லை. மற்றவர்கள் இரண்டு நிமிடத்தில் பொறுமை இழந்து, “இஞ்சை தா” என்று கொன்ட்ரோலரைப் பறித்துவிடுவார்கள். றுமைஸ் தன் இரண்டு கைகளையும் தொடைகளுக்குக் கீழே செருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். வந்தவர் சுவரில் நூறு தரம் முட்டினாலும் கை வெளியே வராது. ஆட்டோக்காரர்கள் முதல் வங்கியில் வேலை செய்யும் பெண்கள் வரை அப்படித்தான் பழகினார்கள்.

கடை அறை பரமலிங்கம், நாகேஸ்வரி தம்பதிக்குச் சொந்தமானது. அவர்களுடைய வீடு அதற்குப் பின்னால்தான். வருகிறவர்கள் விரும்பியதெல்லாம் துவக்கால் சுடும் விளையாட்டுகள். சத்தம் தொடங்கியதும் பரமலிங்கம் எழுந்து கிணற்றடிக்குப் போய்விடுவார். கடை பூட்டும்வரை வீட்டுக்குள் வரமாட்டார். ஒரு நாள் காலையில் நாகேஸ்வரி கடைக்கு வந்தார்.

“தம்பி, சண்டைக்குப் பிறகு இவருக்கு உந்தச் சத்தம் ஒத்துவரேல்லை. மாதம் முடிய வேறை இடம் பாரும்.”

சந்தைக்குப் பக்கத்தில் இன்னொரு அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. றுமைஸ் இரண்டு நாள் யோசித்து, புது விளையாட்டு ஒன்றை இறக்கினான். ஒரு சின்னப் பெண் படகில் தீவுதீவாகப் போய்க் கடிதம் கொடுக்கிறாள். பின்னால் ஒரு வாத்து போகிறது. அதில் நடக்கக்கூடிய பெரிய அநியாயம், வாத்து கடிதத்தைத் தின்றுவிடுவதுதான்.

“ஐயாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ அன்ரி. அவரே விளையாடிப் பாக்கட்டும். பிடிக்கேல்லையெண்டால் நானே சாமானைக் கட்டுறன்.”

எழுபது வயது வரை வயல் செய்த மனிதர் பரமலிங்கம். கொன்ட்ரோலரை உழவு இயந்திரத்தின் கைப்பிடி போல் இறுக்கிப் பிடித்தார். திரையில் அந்தச் சின்னப் பெண் தன் வீட்டுச் சுவரிலேயே முட்டிக்கொண்டு நின்றாள். வாத்து கத்தியது. பரமலிங்கம் சிரித்தார். நாகேஸ்வரி திரையை விட்டுவிட்டு அவரையே பார்த்தார்.

ஒருவழியாகப் பெண் கடற்கரைப் பாதைக்கு வந்தாள். பரமலிங்கம் அவளைத் திருப்பி வீட்டை நோக்கி நடத்தினார்.

“ஐயா, படகு மற்றப் பக்கம்.”

“படலை திறந்து கிடக்குது. மாடு பூந்திட்டுது.”

உண்மைதான். தோட்டத்தில் ஒரு மாடு நின்றது. மூன்று தரம் முழு விளையாட்டையும் முடித்த றுமைஸ் அதைக் கவனித்ததே இல்லை. பரமலிங்கம் மாட்டைத் தள்ளித் தள்ளி வெளியேற்றப் பத்து நிமிடமானது. பிறகு படலையைச் சாத்தினார். மிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டார். தொடைகளுக்குக் கீழே றுமைஸின் கைகள் விறைத்துப்போயின.

கடைசியில் பெண் படகுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். பொத்தானை அமத்தினால் புறப்படலாம். பரமலிங்கத்தின் விரல் நின்றது.

“திரும்பி வரலாமோ?”

நாகேஸ்வரியும் றுமைஸைப் பார்த்தார். ‘ஓம்’ என்றால் மனிதர் ஏறிவிடுவார். வாத்து இன்னும் சிரிக்கவைக்கும். அறையும் தப்பும். ஆனால் படகு வெளிக்கிட்டால் அந்த வீடு பிறகு வரவே வராது. விளையாட்டு அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களை வடக்கிலிருந்து வெளியேற்றிய நாளில், ஒரு வயது றுமைஸை இடுப்பில் வைத்துக்கொண்டு அவனுடைய உம்மா தண்ணீரூற்று என்ற ஊரில் இருந்த வீட்டை விட்டு வெளிக்கிட்டபோது, இரண்டு கிழமையில் திரும்பிவிடலாம் என்றுதான் நம்பியிருந்தார். திரும்ப இருபது வருடம் பிடித்தது. அறை போனால் போகட்டும் என்று றுமைஸுக்கு இருந்தது.

“இல்லை ஐயா. ஏறினால் இந்த வீட்டுக்குத் திரும்பி வரேலாது.”

பரமலிங்கம் கொன்ட்ரோலரை மெதுவாக மேசையில் வைத்தார்.

“அப்ப நான் போகேல்லை.”

அவர் எழுந்து போய்விட்டார். கதை முடிந்தது என்று றுமைஸ் வயர்களைச் சுற்றத் தொடங்கினான்.

“ஏன் தம்பி சுத்துறீர்? விடும்,” என்றார் நாகேஸ்வரி. “நாளைக்கும் வருவார். அந்தத் துவக்குகளை மட்டும் எடுத்துவிடும்.”

துவக்குகளோடு பாதி வாடிக்கையாளர்களும் போய்விட்டார்கள். பரமலிங்கம் தினமும் நான்கு மணிக்கு வருகிறார். மாட்டைக் கலைத்து, படலையைச் சாத்தி, தண்ணீர் விட்டுவிட்டுப் போகிறார். ஏழு மாதமாகிறது. அந்தப் பெண் இன்னும் ஒரு கடிதம்கூடக் கொடுக்கவில்லை. படகில் ஏறச் சொல்லி றுமைஸ் ஒரு நாளும் சொன்னதில்லை.