உப்பு எரியாத கை

எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் தலைவர் என்றால் ஜெயகாந்தன்தான். கோயில் கமிட்டிக்குத் தலைவர், மரண உதவிச் சங்கத்துக்குத் தலைவர், மேடை போட்டால் மைக்குக்கும் தலைவர். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது மட்டும் ஆளைக் காணக் கிடைக்காது. ஐம்பத்திரண்டு வயதிலும் அவர் கை சின்னப் பிள்ளையின் கன்னம் மாதிரி வழுவழுவென்றிருக்கும். அந்தக் கையைத்தான் ஊரே கும்பிட்டது. நானும் கும்பிட்டவள்தான்; அதனால் என்னையும் சேர்த்தே ஏசிக்கொள்கிறேன்.

நான் பக்கத்துக் காம்பராக்காரி. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், அதுவும் கூரை வரை ஏறாத சுவர். அங்கே இருமினால் இங்கே கேட்கும். இவ்வளவு கேட்டும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அவர் மனைவி வீரம்மா. முப்பது வருடமாகக் கொழுந்து பறிப்பவள். அவள் சம்பளத்தில்தான் தலைவரின் வெள்ளைச் சட்டை வெளுத்தது. போன ஆவணியில் அவர் நல்லதண்ணியிலிருந்து சுலக்ஷனா என்ற பெண்ணைக் கூட்டிவந்து கோயிலில் மாலை மாற்றினார். மலை யாத்திரை சீசனுக்கு அங்கே கடை போட்டபோது பழக்கமாம். அவளும் கொழுந்து பறித்தவள்தான், முப்பது வயதிருக்கும். வீரம்மாவுக்குப் பிள்ளை இல்லையே என்று ஊரே தலைவருக்காக வக்காலத்து வாங்கியது.

"ஒனக்கு ஒரு ஒத்தாசைக்குத்தான் புள்ள" என்று அவர் வீரம்மாவிடம் சொன்னதை நான் சுவருக்கு இந்தப் பக்கம் ரொட்டி தட்டிக்கொண்டே கேட்டேன்.

ஐப்பசியிலிருந்து வீரம்மாவுக்குப் புத்தி கெட ஆரம்பித்தது. அப்படித்தான் நாங்கள் பேசிக்கொண்டோம். சாமி படத்துக்கு முன்னால் இருந்த விளக்கு அரிசி வாளிக்குள் கிடந்தது. அவள் பூட்டிவிட்டுப் போன கதவு திறந்து கிடந்தது. குழம்பில் உப்பு இரண்டு மடங்கு இருந்தது. தலைவர் ஒருநாளும் அவளை அடித்ததில்லை, ஏசியதில்லை. "பரவால்ல புள்ள, மறந்திருப்ப" என்று எனக்கும் கேட்கும்படி தேன் ஒழுகச் சொல்வார். என் வீட்டுக்காரர் ஒருநாளாவது இப்படிப் பேசியிருக்கிறாரா என்று நான் பொறாமைப்பட்டேன். அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

வீரம்மா கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னையே நம்பாமல் போனாள். கொழுந்து பறிக்க மலைக்கு ஏறும் வழியில் பாதியில் திரும்பி வந்து அடுப்பைப் பார்ப்பாள். "நா அணைச்சேனா மதினி?" என்று என்னிடம் கேட்பாள். நான் மற்றப் பெண்களுக்குக் கண்ணைக் காட்டுவேன். ஒரே வீட்டில் இருந்தும் சுலக்ஷனா அவளோடு ஒரு வார்த்தை பேசமாட்டாள். சக்களத்திகள் வேறெப்படி இருப்பார்கள் என்று விட்டுவிட்டோம்.

இதற்கிடையில் கோயிலுக்குப் பின்னால் கட்டும் புது வீடுகளில் ஒன்று வீரம்மாவின் பெயரில் விழுந்தது. தலைவர் ஒரு கடிதம் எழுதிவைத்தார். சுகமில்லாத காரணத்தால் வீட்டைச் சுலக்ஷனாவுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, டயகமவில் அண்ணன் வீட்டோடு போய் இருக்கச் சம்மதம் என்று அதில் இருந்தது. வீரம்மாவின் கையெழுத்து ஒன்றுதான் குறை.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் அழகுமுத்துவைப் பகல் சாப்பாட்டுக்கு வரவழைத்தார். சாட்சிக்கு என்று என்னையும் இன்னும் இரண்டு பெண்களையும் கூப்பிட்டு வாசலில் நிற்கவைத்தார். வீரம்மாவே சமைத்து, வீரம்மாவே பரிமாறினாள். அழகுமுத்து முதல் வாயை வைத்தவுடன் எழுந்துபோய் முற்றத்தில் துப்பினார்.

"பாத்தீங்கதானே மச்சான்" என்று தலைவர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். "நா என்னத்த சொல்ல? உங்ககிட்ட இருந்தாலாவது நிம்மதியா இருப்பா." சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து நீட்டினார்.

வீரம்மா பேனையை வாங்கினாள். எழுதப் போனவள் நின்று தன் விரல்களைப் பார்த்தாள்.

"எனக்கு ஒரு தடவதான் எரிஞ்சிச்சு" என்றாள்.

"என்னா?" என்றார் அண்ணன்.

"உப்பு போட்டப்ப. ரெண்டு தடவ போட்டிருந்தா ரெண்டு தடவ எரிஞ்சிருக்கணுமே."

அழகுமுத்துவுக்கு விளங்கவில்லை. கொழும்பில் துணிக்கடையில் நின்றவர் அவர். வாசலில் நின்ற எங்களுக்கு விளங்கியது. மாசிக் காற்றில் கொழுந்து பறிக்கிற விரல் வெடித்துப் பிளந்து கிடக்கும். அதில் உப்புப் பட்டால் உயிர் போய் உயிர் வரும். எதை மறந்தாலும் அதை மறக்க முடியாது. நாங்கள் மூன்று பேரும் எங்கள் விரல்களைப் பார்த்தோம். பிறகு தலைவரின் கையைப் பார்த்தோம்.

அவர் சிரித்தார். "வெரல வச்சுக் கணக்குச் சொல்றா. இதத்தான் நா சொன்னேன்."

குசினி வாசலிலிருந்து சுலக்ஷனா பேசினாள். "அக்கா பீலிக்குத் தண்ணி எடுக்கப் போனப்ப இவருதான் உள்ள வந்தாரு. ருசி பாக்குறேன்னாரு. எப்பவும் அப்படித்தான் வருவாரு."

"இத ஏன்டி இவ்வளவு நாளா சொல்லல?" என்றாள் வீரம்மா.

"ஒங்களுக்குப் பைத்தியம், பேச்சுக் குடுத்தா கத்தியத் தூக்குவீங்கன்னாரு. போன சீசன்லயே சொன்னாரு. பாவம் இந்த மனுசன்னுதான் நா வந்தேன்."

"என்கிட்ட ஒன்னப் பத்தி, செய்வின செய்றவங்க வீட்டுப் புள்ள, கிட்ட போகாதன்னாரு" என்றாள் வீரம்மா. "போன சீசன்லயா? எனக்கு அப்ப ஒண்ணுமே இல்லையே."

அப்போதுதான் எனக்கு எல்லாம் உறைத்தது. மனுசன் முதலில் பொய்யைச் சொல்லிப் பெண்ணைக் கூட்டி வந்திருக்கிறார். வந்தவள் கண்டுபிடித்துவிடுவாளே என்று, பிறகு அந்தப் பொய்யை மெய்யாக்கப் பாடுபட்டிருக்கிறார். தோட்டத்தில் ஒருநாளும் முழுசாக வேலை செய்யாதவர், இதற்கு மட்டும் ஒருநாள்கூட லீவு எடுக்கவில்லை. இந்த சீசனுக்குக் கடை போடக்கூடப் போகவில்லை.

"ரெண்டு பேருக்கும் பைத்தியம்" என்றார் தலைவர்.

அழகுமுத்து செருப்பை மாட்டிக்கொண்டு, "எந்திரி தங்கச்சி, போவோம்" என்றார்.

"நா எதுக்குப் போகணும்? எம் பேர்லதானே வீடு வந்திருக்கு" என்றாள் வீரம்மா. கடிதத்தை மடித்து அடுப்பில் போட்டாள். சோற்றுத் தட்டைத் தலைவர் முன்னால் தள்ளினாள். "சாப்பிடுங்க. பாதி உப்பு நீங்க போட்டதுதான்."

சித்திரையில் இரண்டு பெண்களும் புது வீட்டுக்குப் போகிறார்கள். தலைவருக்கு அங்கே இடம் உண்டா என்று யாரும் சொல்லவில்லை. கேட்கிற தைரியம் அவருக்கும் இல்லை. கோயில் கமிட்டிக்கு இன்னும் அவரேதான் தலைவர். எங்கள் ஆட்களுக்குச் சொரணை வர நாளாகும்.

ஆனால் சாயங்காலம் சமைக்கும் நேரத்தில் சுவருக்கு மேலால் வீரம்மாவின் குரல் தினமும் கேட்கிறது.

"உப்பு போட்டுட்டேன்தானே?"

"போட்டீங்கக்கா. நா பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்" என்கிறாள் சுலக்ஷனா.

நான் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேனே தவிர, ஒருநாள்கூட எட்டிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வீரம்மா மறுபடியும் கேட்கிறாள். சுலக்ஷனா மறுபடியும் சொல்கிறாள்.