எதிர்வீட்டுக்குப் போன பெட்டி

கல்யாணத்துக்குப் பிறகு வந்த முதல் நீண்ட விடுமுறையை வெளிநாட்டில் கழிக்கப் போகிறோம் என்றுதான் என் கணவர் தன் பட்டாளத்தில் சொல்லியிருந்தார். அந்த வெளிநாடு வேறு எங்குமில்லை, புதுச்சேரியில் என் அம்மா வீடு. அவரும் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்தான். ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் ஊரை விட்டுப் போனபோது அவர் குடும்பம் பிரெஞ்சுக் குடியுரிமையை எடுத்துக்கொண்டது. வயது வந்ததும் அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்தார். அதனால் சொந்த ஊரே அவருக்கு வெளிநாடாகிவிட்டது. எனக்கும் அவரைக் கட்டிக்கொண்ட வகையில் அப்படியே ஆனது.

எழுபதுகளின் கடைசி அது. எங்கள் தெருவில் பட்டாளக்காரரைச் சொல்தா என்போம். சொல்தா வீட்டுக்கு வாழ்க்கைப்படுவது லேசுப்பட்ட விஷயமில்லை. என் அப்பா மில் தொழிலாளி, பாதி நாள் இரவு ஷிப்ட் முடிந்து பகலில் தூங்குகிறவர். அப்படிப்பட்டவர் பெண்ணுக்குப் பிரான்ஸ் மாப்பிள்ளை என்றதும் தெருவே கொஞ்சம் நிமிர்ந்து நடந்தது. விடுமுறைக்கு வந்தபோது சோப்பும் சென்ட்டும் சாக்லேட்டும் பங்குபோட்டே என் கை ஓய்ந்துபோனது. பனி எப்படி இருக்கும் என்று கேட்டார்கள், சொன்னேன். துணி துவைக்கும் மெஷின் எப்படிச் சுற்றும் என்று கேட்டார்கள், கையால் சுற்றியே காட்டினேன். நீ எப்படி இருக்கிறாய் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. பிரான்சில் இருப்பவளிடம் அதைப் போய் யார் கேட்பார்கள்?

நான் நன்றாக இல்லை. நாங்கள் இருந்தது பிரான்சின் கிழக்குக் கோடியில், பட்டாளம் இருக்கிற ஒரு சின்ன ஊர். மூன்றாவது மாடி. அவர் பயிற்சி என்று காட்டுக்குப் போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு ரொட்டிக்கடையோடு சரி. கடைக்காரியிடம் போஞ்சூர், காசைக் கொடுத்ததும் மெர்சி, அவ்வளவுதான் அன்றைய பேச்சு. ஒருநாள் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. "ஐயோ, பாலு!" என்று கத்தினேன். கத்திய பிறகுதான் தெரிந்தது, பல நாளாக என் குரலை நானே கேட்கவில்லை என்று. அடுப்பைத் துடைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

விமானத்தில் வரும்போதே முடிவு செய்துவிட்டேன், இனி திரும்பிப் போகக் கூடாது என்று. அவர் நல்லவர், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் இருக்கும் இடம்தான் எனக்கு ஆகவில்லை. அம்மாவிடம் சொல்ல நல்ல நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். காலையில் வைத்திக்குப்பத்து மீன்காரி வந்து கூடையை இறக்குவாள், அம்மா வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்து பேரம் பேசுவாள். சாப்பாடு ஆனதும் யாராவது வந்துவிடுவார்கள். சாயங்காலம் அவரோடு கடற்கரையில் நடக்க வேண்டும். வாய்வரைக்கும் வந்ததை மென்று விழுங்கிக்கொண்டே இருந்தேன். பார்த்தால் விடுமுறை முடியப்போகிறது, கடைசி வாரம் வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை ராத்திரி மெட்ராசில் விமானம். காலையில் நாங்கள் புதுச்சேரியிலிருந்து புறப்பட வேண்டும். அம்மா பஞ்சாங்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நடுக்கூடத்தில் உட்கார்ந்தாள்.

"செவ்வாக்கெழம வடக்க சூலம். மெட்ராஸ் வடக்க இருக்குது. அன்னிக்குக் கெளம்பவே கூடாது" என்றாள்.

"ப்ளேன்காரனுக்குச் சூலம் தெரியாதே அத்த" என்றார் அவர், சிரிக்காமல்.

"அவனுக்குத் தெரியலன்னா நமக்குமா தெரியாது? திங்கள் நவமி, ஞாயிறு அஷ்டமி. வெள்ளிக்கெழம பொண்ண வூட்ட விட்டு அனுப்ப மாட்டேன்." சனிக்கிழமையைப் பற்றி அம்மா பேசக்கூட விரும்பவில்லை. "வியாழன்தான் நல்ல நாளு. அன்னிக்குப் பரஸ்தானம் வெச்சிடலாம்."

நல்ல நாளில் புறப்பட முடியாதவர்களுக்காகக் கண்டுபிடித்த வழி அது. நல்ல நேரத்தில் பெட்டியை மட்டும் வெளியே அனுப்பி, வேறொரு வீட்டில் வைத்துவிடுவது. பெட்டி போய்விட்டால் ஆளும் போன கணக்கு. பிறகு எந்த நாளில் வேண்டுமானாலும் அந்த வீட்டிலிருந்து பெட்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போகலாம். ஒன்றே ஒன்று, அந்தப் பெட்டி திரும்ப நம் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. மிதித்தால் போகிற காரியம் மட்டுமில்லை, போகிறவருக்கே ஆகாது என்பார்கள். அம்மா இந்த மாதிரி விஷயங்களில் ரொம்பக் கண்டிப்பு. அப்பா மில்லுக்குக் கிளம்பும்போது யாராவது தும்மினால்கூட அவரைத் திரும்ப உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துத்தான் அனுப்புவாள்.

எங்கள் வாசல் வடக்கே பார்த்தது. எதிர்வீடு ஒரு தையல்கடைக்காரர் வீடு. அவர் மனைவியைத் தெருப் பிள்ளைகள் எல்லோரும் சாச்சி என்று கூப்பிடுவோம், சித்திக்கு அவர்கள் வீட்டில் அதுதான் சொல். துலுக்கர் வீட்டில் பரஸ்தானம் வைக்கலாமா என்று அப்பா இழுத்தார். திசை சரியாக இருக்கிறது, மனுஷியும் சரியாக இருக்கிறாள், வேறென்ன வேண்டும் என்று அம்மா வாயை அடைத்துவிட்டாள். வியாழக்கிழமை காலை அப்பா என் நீலப் பெட்டியைத் தோளில் வைத்துத் தெருவைக் கடந்தார். சாச்சி தன் கட்டிலுக்கடியில் இடம் ஒழித்து, பாய் விரித்து அதை வாங்கிக்கொண்டார். "எங்க வூட்ல அதுக்கு ஒரு கொறயும் வராதுக்கா" என்று பின்னாலேயே போன அம்மாவிடம் சொன்னார், விருந்தாளியைப் பற்றிச் சொல்வதுபோல. ஆள் போனதும் வீடு பெருக்கக் கூடாது என்று அன்றெல்லாம் அம்மா துடைப்பத்தைத் தொடவில்லை. போன ஆளான நான் கூடத்தில் உட்கார்ந்து அந்தக் குப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் என்னை வைத்துக்கொண்டே எல்லோரும் வழியனுப்பிவிட்ட மாதிரி நடந்துகொண்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி வந்து விசாரித்தபோது, "இருந்த மட்டும் நல்லா சாப்ட்டா, கொஞ்சம் சதை போட்டுக்கினுதான் போறா" என்று அம்மா என் முன்னாலேயே சொன்னாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. நான் இன்னும் இங்கேதானே நிற்கிறேன் என்று கத்தலாம் போலிருந்தது. இப்போது போய் நான் போகவில்லை என்று எப்படிச் சொல்வது? அம்மா கணக்கில்தான் நான் போய்ச் சேர்ந்தாயிற்றே.

முதல் தடவை எதிர்வீட்டுக்குப் போனது உண்மையாகவே சீப்பு எடுக்கத்தான். பெட்டியைத் திறந்தால் மேலாகவே என் புடவைகள் இருந்தன. ஒன்றை எடுத்துக்கொண்டேன். சாயங்காலம் இன்னொன்று. மறுநாள் ஜாக்கெட்டுகள், உள்பாவாடை, அம்மா தைத்துக் கொடுத்த தலையணை உறை. என்ன செய்கிறேன் என்று யோசித்துச் செய்ததாக நினைவில்லை. பெட்டி திரும்பி வரக் கூடாது என்றுதானே சொன்னார்கள், உள்ளே இருப்பதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. எடுத்து வந்ததையெல்லாம் அரிசித் தவலைக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். திங்கட்கிழமை காலை கம்பளிச் சட்டையையும் எடுத்தேன்.

சாச்சி தையல் மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"இந்த வெயில்ல கம்பளி எதுக்குடி?"

"பூச்சி வந்துடும் சாச்சி. வெயில்ல ஒரு தடவ காய வெக்கலாம்னு."

"காய வெச்சு வெச்சு பெட்டியே எளச்சுப் போச்சே" என்றார். மறுபடியும் மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டார்.

அன்று மத்தியானம் என் கணவர் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டு வரப் போயிருந்தார். அப்பா உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார். அம்மாவைக் காணோம். சமையலறை, தோட்டம், கிணற்றடி எங்கும் இல்லை. வாசலில் சாச்சியின் குரல் கேட்டது. "அக்கா, வேணாங்க்கா! நான் எடுத்தாறேன், நீங்க தொடாதீங்க, உங்க சாத்திரத்துல ஆவாதில்ல!"

போய்ப் பார்த்தால் அம்மா என் நீலப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு தெருவைக் கடந்து வந்துகொண்டிருந்தாள். சாச்சி பின்னாலேயே கையை நீட்டிக்கொண்டு ஓடிவந்தார். நான் படியில் குறுக்கே நின்றேன். "இன்னாம்மா பண்ற? உள்ள கொண்டாராத!"

"நகருடி" என்றாள் அம்மா. வாசலைத் தாண்டி வந்து பெட்டியை நடுக்கூடத்தில் இறக்கினாள், திறந்தாள். மிளகாய்த்தூள் டின்னும் புளியும் வடகமும், நாலு சுற்று பிளாஸ்டிக் சுற்றிய கருவாடும் மட்டும் ஒரு மூலையில் கிடந்தன. துணி என்று ஒன்றுகூட இல்லை.

"தூக்கிப் பாத்தேன். காத்தாட்டம் இருக்குது" என்றாள். "போவப் புடிக்கலியா?"

அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது. மூன்றாவது மாடி, ரொட்டிக்கடை, பொங்கி வழிந்த பால், எல்லாவற்றையும் அழுதுகொண்டே கொட்டினேன். என் கணவர் எப்போது உள்ளே வந்தார் என்று தெரியாது. நான் நிமிர்ந்தபோது கையில் யாரோ கொடுத்த பலகாரப் பொட்டலத்தோடு வாசற்படியில் நின்றிருந்தார்.

"இருக்கறதுன்னா இரு" என்றாள் அம்மா, அவரைப் பார்த்தபிறகும் குரலைத் தாழ்த்தாமல். "உன் வூட்ல இருக்கறதுக்கு யாருகிட்டயும் காரணம் சொல்லத் தேவயில்ல. மாப்ளகிட்ட நான் பேசறேன்."

அவர் பொட்டலத்தை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். "எனக்கும் அங்க பேச ஆளில்ல" என்றார். "நாள் பூரா பிரெஞ்சுதான். வூட்டுக்குப் போனா நீ இருப்ப, தமிழ் பேசலாம்னுதான் மூணு மாடி ஏறுவேன். நான் இல்லாதப்ப நீ யாரோட பேசுவன்னு நெனச்சுப் பாக்கல." பிறகு, "அத்த சொல்றது சரிதான். நீ இரு. நான் மட்டும் போறேன்" என்றார்.

இரண்டு பேரும் சேர்ந்து இவ்வளவு நல்லவர்களாக இருந்தால் நான் என்ன செய்வது? ஒருவர் சண்டை போட்டிருந்தாலும் நானும் போட்டுத் தங்கியிருப்பேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில் அம்மாவுக்குத் தீக்குச்சி நிற்கவில்லை. ஒன்று அணைந்தது, இன்னொன்றும் அணைந்தது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் என் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனாள், சுரம் வந்த பிள்ளையைத் தொடுகிற மாதிரி. பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் காசு முடிந்துவைத்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பெட்டி உள்ளே வந்தால் எனக்கு ஆகாது என்று அம்மா உயிருக்குயிராக நம்பினாள். நம்பியும், அதைத் தன் தலையிலேயே தூக்கிவந்து வைத்திருக்கிறாள். அவ்வளவு பயத்தை அவள் தூக்கி நான் பார்த்ததில்லை. அம்மாமேல் எனக்கு அன்று வந்த பிரியத்தைச் சொல்ல இப்போதும் வார்த்தை போதவில்லை.

நான் எழுந்துபோய் அரிசித் தவலைக்குப் பின்னாலிருந்து துணிகளை எடுத்து வந்தேன். ஒவ்வொன்றாக மடித்துப் பெட்டியில் வைத்தேன். அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"யாரு சொல்லி அடுக்கற?"

"யாரும் சொல்லல. நானே போறேன்." அவரைப் பார்த்துத் திரும்பினேன். "ஆனா ஞாயித்துக்கெழம ஆச்சுன்னா தமிழ் பேசற வூடு எங்க இருந்தாலும் ரயில் ஏறி என்னைக் கூட்டிட்டுப் போவணும். நீங்க காட்டுக்குப் போனா அவங்க வூட்ல விட்டுட்டுப் போவணும். பிரெஞ்சும் கத்துக்கணும் நான். ரொட்டி வாங்கற பிரெஞ்சு இல்ல, சண்டை போடற பிரெஞ்சு."

அவர் சரி என்று தலையை ஆட்டினார். கம்பளிச் சட்டையை அவரே எடுத்து மேலே வைத்து, பெட்டியின் மேல் உட்கார்ந்து மூடினார்.

செவ்வாய்க்கிழமை காலை டாக்ஸி வாசலில் வந்து நின்றது. வடக்கே சூலம்தான். பெட்டி எங்கள் வீட்டு நடுக்கூடத்திலிருந்தே நேராகப் போய் ஏறியது. சாச்சி தன் வாசலில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா ஒரு டம்ளரில் பால் கொண்டுவந்தாள், வடக்குச் சூலத்துக்கு அதுதான் பரிகாரம். குடித்துவிட்டு டாக்ஸியில் ஏறினேன்.

வண்டி கிளம்பும்போது அம்மா ஜன்னலில் குனிந்தாள். எப்போ வருவே என்று கிளம்புகிறவரைக் கேட்கக் கூடாது, அதையும் அவள் கேட்கவில்லை.

"முடியலன்னா வந்துடு" என்றாள். "பஞ்சாங்கம் பாக்காத. போறதுக்குத்தாண்டி நாள் பாக்கணும். அம்மா வூட்டுக்கு வர்றதுக்கு எதுக்குடி நாளு?"