வலிக்காத மேசை

குச்சியை மூக்கருகே கொண்டுபோகும்போது அக்காவின் வாயும் தானாகத் திறந்துகொள்ளும், குழந்தைக்குச் சோறூட்டுகிறவள் வாய் திறப்பதுபோல. எதிரில் இருப்பவர் முகம் சுளித்தால் கை அங்கேயே நின்றுவிடும். நுனியிலேயே இரண்டு சுற்று சுற்றிக் குப்பியில் போட்டு மூடிவிடுவாள்.

பரிசோதனை முகாமில் அவளுக்குப் பெயர் பூக்கை. முதல் மேசையில் மாதிரி எடுப்பவருக்குக் கடப்பாரை. அடங்கியிருந்த தொற்று மறுபடி கிளம்பியபோது, வரிசை முழுக்க அக்காவின் இரண்டாம் மேசைக்கே வளைந்தது. நான் ஓரத்தில் உட்கார்ந்து பெயர் பதிந்துகொண்டிருந்தேன்.

“அந்தாளு மூளையவே தோண்டி எடுக்குறான்மா. நீயே பாரு” என்றார் வரிசையில் வந்த ஒருவர்.

“இருந்தாத்தானேண்ணே எடுப்பாரு?”

அவள் கூடப்பிறந்த தம்பி பேருந்து ஓட்டுநர். ஒருநாள் இருமலோடு வந்தான். வீட்டில் மனைவிக்கு நிறைமாதம். தொற்று இருந்தால் பதினான்கு நாள் தனியறை. இல்லையென்றால் அவள் பக்கத்திலேயே இருக்கலாம்.

“மெதுவாக்கா. சின்ன வயசுல முள்ளெடுக்குறேன்னு என் கால கிழிச்சவதானே நீ.”

“அசையாதடா, தடிமாடு.”

அவன் கண்ணில் நீர் கட்டியது. அவள் குச்சியை வெளியே இழுத்துவிட்டாள்.

மறுநாள் முகாம் அதிகாரி ஒட்டிய பட்டியலில் அவன் பெயருக்கு நேரே ‘இல்லை’ என்றிருந்தது. அக்காவுக்குக் கும்பிடு போட்டுவிட்டு வீட்டுக்குப் போனான்.

பன்னிரண்டாம் நாள் மனைவிக்கு மூச்சுத் திணறியது. வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்தார்கள். அவள் பிழைக்கவில்லை. அதற்குள் தம்பியைக் கடப்பாரை மறுபடி சோதித்திருந்தார். தொற்று இருந்தது. “அன்னிக்குக் குச்சி உள்ளயே போயிருக்காதுப்பா” என்று அவரே சொல்லிவிட்டார்.

தம்பி மேசைக்கு முன்னால் வந்து நின்றான். சத்தம் போடவில்லை.

“ரத்தம் வர்ற மாதிரி குத்தியிருக்கலாமேக்கா. ரெண்டு வார்த்த திட்டியிருப்பேன். அவ்வளவுதானே?”

அன்றிலிருந்து அக்கா ஆழமாகக் குத்தினாள். “பூக்கையாம் பூக்கை! கொலகாரி” என்று ஒருவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவள் அடுத்த குச்சியைப் பிரித்தாள். தம்பி இன்றுவரை குழந்தையை அவள் கையில் கொடுத்ததில்லை.

ஒரு வருடம் கழித்து முகாமைக் காலி செய்தபோது, அதிகாரியின் அலமாரியில் ஆய்வகத்திலிருந்து வந்த மூன்று கடிதங்கள் கிடைத்தன. “இரண்டாம் மேசை மாதிரிகள் சோதனைக்குப் போதவில்லை. ‘தொற்று இல்லை’ என்று எழுத வேண்டாம். மறுபடி எடுத்து அனுப்பவும்.” மூன்றிலும் பார்த்ததாக அதிகாரி கையெழுத்திட்டிருந்தார். தொற்று குறைந்த முகாம் என்று அவருக்குப் பாராட்டு வந்ததும் அந்தக் கடிதங்கள் வந்த மாதம்தான். கடைசிக் கடிதம் வந்து நான்கு நாள் கழித்துத்தான் தம்பி அக்காவுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான்.