மீன் ஐஸில் உறைந்த தோட்டாப்பெட்டி

எங்கள் தெருவில் யாராவது ஒருவருடைய மாமாவோ சித்தப்பாவோ விமானப்படை நிலையத்தில் வேலை பார்ப்பது பெரிய விஷயமில்லை. தாம்பரத்தில் அது சாதாரணம். ராணுவத் துப்பாக்கிக்கே ஓர் உறுப்பைச் செய்துகொடுத்த அத்தை எனக்கு மட்டும்தான் இருந்தாள். அந்தத் திமிரில் மூன்றாம் வகுப்பு முழுக்க நான் யாருக்கும் வழிவிட்டு நடந்ததில்லை.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. எங்களோடுதான் இருந்தாள். குரோம்பேட்டைப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் இன்ஜினியர். நம் நாட்டிலேயே உருவாக்கிய புதிய துப்பாக்கிக்குத் தோட்டாப்பெட்டி, அதாவது அடியில் மாட்டுகிற மேகசின், செய்யும் வேலை அவர்களுக்கு வந்திருந்தது. பழையதைவிட எடை குறைவு, தோட்டாவும் சிறியது, அதனால் சிப்பாய் நிறையச் சுமக்கலாம் என்பாள். விசையை ஒருமுறை அழுத்தினால் மூன்று தோட்டாவோடு நின்றுவிடும் ஏற்பாடும் உண்டு. பயத்தில் விரலை எடுக்க மறந்தவன் எல்லாவற்றையும் சுட்டுத் தீர்த்துவிடக் கூடாதாம். ஆனால் அவள் குரல் உயர்வது பெட்டியைப் பற்றிப் பேசும்போதுதான். இரும்பு இல்லை, உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக். எத்தனை மிச்சம் என்று சிப்பாய் ஒரு பார்வையில் தெரிந்துகொள்ளலாம்.

கம்பெனி வைத்த எல்லாச் சோதனையிலும் பெட்டி தேறிவிட்டது. அத்தைக்கு மட்டும் மனசு ஆறவில்லை. வெயிலில் வைத்துப் பார்த்தாயிற்று, சிப்பாய் நிற்கிற மலை எல்லைப் பனியில் யார் வைத்துப் பார்த்தார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். தாம்பரத்தில் பனிக்கு எங்கே போவது? மேலாளரிடம் சொல்லிவிட்டு ஒரு காலிப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். தோட்டாவின் எடைக்குப் போல்ட்டுகளைப் போட்டு, அம்மாவின் பால் பாக்கெட்டுகளை வெளியேற்றிவிட்டு, ஃப்ரீஸரில் வைத்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் சுற்றி நிற்க, நெஞ்சு உயரத்திலிருந்து மொசைக் தரையில் போட்டாள். உடையவில்லை. அப்பாவும் நானும் கைதட்டினோம். அம்மா கேசரி கிளறவே போய்விட்டாள். அத்தை மட்டும் பெட்டியை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். ராத்திரி கரண்ட் போய்ப் போய் வந்ததில் அது குளிரவே இல்லை.

கேசரியைக்கூடச் சாப்பிடாமல் மார்க்கெட்டுக்குப் போனவள், மீன் கடை ஐஸை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தாள். ஐஸில் கல்லுப்பைக் கொட்டினால் ஃப்ரீஸரைவிடக் குளிரும் என்றாள். முட்டைகூடச் சேர்க்காத அம்மா புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அண்ணி, இது வீடா, மீன் மார்க்கெட்டா?" என்றாள். அத்தை ஃபேனைப் போட்டுவிட்டு, பெட்டியை வாளிக்குள் புதைத்தாள்.

சாயங்காலம் போட்டபோது பெட்டி விளிம்போடு பிளந்தது. போல்ட்டுகள் சோபாவுக்கடியில் உருண்டோடின. அத்தை சிரித்தாள். தோற்றுப்போனதை மறைக்கத்தான் சிரிக்கிறாள் என்று நினைத்தேன். கம்பெனியில் யாரும் பார்ப்பதற்குள் சரிசெய்துவிடலாம் என்று பசை டப்பாவை எடுத்துவந்து துண்டுகளைப் பொருத்தத் தொடங்கினேன். அத்தை என் கையைப் பிடித்தாள்.

"ஒட்டாதடி செல்லம். அங்க பனியில ஒருத்தன் கையில உடைய வேண்டியது, இங்க உடைஞ்சிருக்கு."

கம்பெனியில் சிலர் கொஞ்ச நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை, ஆர்டர் தாமதமாகிறதே என்று. அவள் அசரவில்லை. பிளாஸ்டிக்கின் சேர்மானத்தை மாற்றும்வரை விடவில்லை. புதுப் பெட்டியை அதே மாதிரி குளிரவைத்து மொட்டைமாடியிலிருந்து போட்டாள். ஒரு கீறல்கூட இல்லை. பள்ளிக்கூடத்தில் அந்தக் கதையை மட்டும் எல்லோரிடமும் சொன்னேன்.

நான் ஏழாம் வகுப்புக்கு வருவதற்குள் அந்தத் துப்பாக்கியின் ஆயுள் முடிந்துவிட்டது. பெரிய தோட்டா போடுகிற வேறு துப்பாக்கி வரப்போகிறதாம். அத்தை பெட்டி செய்துகொடுத்த துப்பாக்கிமேல் வந்த புகார்களை அப்பா பேப்பரிலிருந்து வாசித்தார்: சுடும்போது நடுவில் சிக்கிக்கொள்கிறது, எண்ணெய் முகத்தில் தெறிக்கிறது, தோட்டாவுக்கு வேகம் போதவில்லை. அத்தை காபியை ஆறவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவ்ளோதானாடா? பெட்டியைப் பத்தி ஒண்ணும் போடலையா?"

அப்பா தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அவ்ளோதான்க்கா" என்றார்.

அத்தை எழுந்து முகம் கழுவி, நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு, எங்கள் எல்லோரையும் ஓட்டலுக்குக் கூட்டிப்போனாள். அவள் செய்த துப்பாக்கியை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களே என்று அழுது வீங்கிய முகத்தோடு, வைத்த தோசையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். அன்று பேப்பரில் இல்லாத ஒரு வரிக்காகத்தான் அத்தை எங்களுக்கு விருந்து வைத்தாள் என்பது எனக்குத் தெரியவில்லை.